கேட்டு வாங்கிய வாய்

கப்பல் வரவேண்டிய திங்கட்கிழமை காலையில் தெரெங்கா வீட்டுக்கும் கரைக்குமாகப் பதினொரு தடவை நடந்தாள். தோழி மீரே ஈரப்பலா மரத்தடியில் உட்கார்ந்து எண்ணிக்கொண்டிருந்தாள்.

"உக்காருடி. நீ நடந்தா கப்பல் சீக்கிரம் வந்துருமா?"

"உக்காந்தா காலு அரிக்குது."

"அரிச்சா சொறிஞ்சுக்கோ. நடந்து நடந்து தீவைத் தேய்ச்சிராத. ஏற்கெனவே பாதி தேஞ்சுதான் கிடக்கு."

தெரெங்கா சிரிக்கவில்லை. பிப்ரவரியில் பெருங்கடல் பக்கமிருந்து அலை ஏறி வந்து, ஊரைத் தாண்டி, அந்தப் பக்கம் களப்பில், அலையில்லாத உள்கடலில், போய் இறங்கியது. போகிற வழியில் எல்லாக் கிணற்றிலும் ஒரு வாய் உப்பைத் துப்பிவிட்டுப் போனது. அதன் பிறகு ஏழு மாதம் மழை இல்லை. தேநீர் கரித்தது. சோப்பு நுரைக்கவில்லை. கைக்குழந்தைகளுக்கு ஓயாமல் வயிற்றால் போனது. நர்ஸ் வீடு வீடாக வந்து "கொதிக்க வைங்க, கொதிக்க வைங்க" என்று சொன்னாள். உப்பைக் கொதிக்க வைத்தால் இன்னும் உப்பாகத்தானே ஆகும் என்று பெண்கள் கேட்டார்கள். நர்ஸ் அடுத்த வீட்டுக்குப் போனாள்.

ஊரில் இருபது வயதையொட்டிய பிள்ளைகள் பதினொரு பேர். அவர்களுக்குத் தலைவி என்று யாரும் தெரெங்காவை வைக்கவில்லை. சும்மா இருக்க முடியாதவள் அவள் ஒருத்திதான், அதனால் தலைவி ஆகிப்போனாள். தலைநகரான தராவாவில் இளைஞர்களுக்கென்று ஏதோ நிதி இருப்பதாகக் கேள்விப்பட்டு மூன்று கடிதம் எழுதினாள். மூன்றாவதுக்குப் பதில் வந்தது. ஒரு தண்ணீர்த் தொட்டி, கூரைத் தண்ணீரை வாங்கி விடும் பிளாஸ்டிக் பீலி ஆறு, ஒரு குழாய், ஒட்டுகிற பசை ஒரு டப்பா.

ஊரில் பெரிய கூரை மனியாபாவுக்குத்தான் உண்டு. எல்லாக் குடும்பமும் கூடி உட்காருகிற கொட்டகை அது. நான்கு வருஷம் முன்னால்தான் ஓலையைப் பிரித்துத் தகரம் போட்டார்கள். ஆனால் பழைய உயரத்தை மாற்றவில்லை. பணிந்துதான் உள்ளே நுழைய வேண்டும். கூரை விளிம்பு நெஞ்சுயரம். தொட்டி அதைவிட உயரம். அதனால் பதினொரு பேரும் மூன்று வாரம் பவளக்கல்லை வெட்டி இடுப்பளவு குழி தோண்டினார்கள். பெரியவர்கள் கள் இறக்கப் போகும்போது எட்டிப் பார்த்தார்கள்.

"என்ன கிழங்குடா நடப்போறீங்க?"

"பிளாஸ்டிக் கிழங்கு, பெரியப்பா" என்றான் பாவ்ரோ.

குழி தயார். இன்னும் இரண்டு மூன்று வாரத்தில் மேல்காற்று திரும்பும். வருகிற முதல் மழை தொட்டிக்குள் விழ வேண்டும். முதல் மழைக்குப் பிறகு அடுத்தது எப்போது என்று யாராலும் சொல்ல முடியாது. போன வருஷம் ஒன்றே ஒன்றுதான் பெய்தது. தெரெங்காவுக்கு வேறு நினைப்பே இல்லை. சாப்பிடும்போது மேற்கே பார்த்தாள். தலை வாரும்போது மேற்கே பார்த்தாள்.

மத்தியானம் கப்பல் வந்தது. தொட்டியைக் கடலில் தள்ளிவிட்டார்கள். பிள்ளைகள் நீந்திப் போய், செத்த திமிங்கிலத்தை இழுப்பதுபோல் இழுத்துக் கரையேற்றினார்கள். பீலியும் குழாயும் பசையும் தெரெங்கா வீட்டுக்குப் போயின. அவள் பீலிகளில் ஒட்டியிருந்த கடலுப்பைக் கழுவித் துடைத்து, வீட்டுத் தூண்களில் வரிசையாகச் சாய்த்து வைத்தாள். வெயிலில் பளபளவென்று மின்னின. அவளுக்கு அதைப் பார்க்கப் பார்க்கப் பெருமையாக இருந்தது.

அதுதான் அவள் செய்த தப்பு.

செவ்வாய்க்கிழமை யோத்தெபா மாமா வந்தார். அம்மாவின் தம்பி. தெரெங்காவின் அப்பா வெளிநாட்டுக் கப்பலில் வேலைக்குப் போய்விட்டதால் அவர்கள் அம்மாவின் நிலத்தில் இருந்தார்கள். மனியாபாவில் அந்தக் குடும்பத்துக்கு உள்ள இடத்தில் தூணருகே உட்கார்ந்து பேசுகிறவர் அவர்தான். கையில் ஒரு மீன் கொண்டுவந்தார். வீட்டுக்குள் போகாமல் பீலியின் முன்னால் நின்றார்.

"நல்லா வெள்ளையா இருக்கே."

தெரெங்கா அவசரமாக அவர் பக்கத்தில் வந்து நின்றாள். "அது ஊருக்கு வந்தது மாமா."

"இல்லன்னு யாரு சொன்னா? ஊருக்குத்தான்." அவர் பீலியைத் தடவினார். "பேத்திக்கு நாலு நாளா வயித்தால போகுது தெரெங்கா. கண்ணு உள்ள போயிருச்சு. என் கூரையில நல்ல தகரம் கிடக்கு, கீழ ட்ரம் கிடக்கு. நடுவுல ரெண்டு பீலிதான் இல்ல."

"மாமா, ஒரு மாசம் பொறுங்க, தொட்டி நிறைஞ்சதும் முதல் வாளி பாப்பாவுக்குத்தான்..."

"புபுசி" என்றார் மாமா.

அவ்வளவுதான். அந்தச் சொல்லைச் சொல்லி உறவுக்காரர் ஒன்றைக் கேட்டால் இல்லையென்று சொல்ல அந்தத் தீவுகளில் ஆள் கிடையாது. கொடுத்ததைத் திருப்பிக் கேட்கவும் முடியாது. அப்படிக் கேட்டவர்களின் வெட்கத்தைப் பேரப்பிள்ளைகள் காலம்வரை ஊர் சொல்லிக் காட்டும். அதனால் புத்தியுள்ளவர்கள் நல்ல பொருள் வந்தால் பாயில் சுருட்டிக் கூரைக்குள் செருகிவிடுவார்கள். புதுச் சட்டி வாங்கினால் வெளிப்பக்கம் கரி பூசி வைப்பார்கள். தெரெங்கா தராவாவில் மூன்று வருஷம் விடுதியில் தங்கிப் படித்தவள். அங்கே பூட்டுப் போட்ட அலமாரி இருந்தது. பூட்டு இருக்கிற இடத்தில் கரி பூசும் பழக்கம் மறந்துவிடுகிறது.

மாமா இரண்டு பீலியைத் தோளில் வைத்துக்கொண்டு ஊர் நடுவழியாகப் போனார். ஊரே பார்த்தது.

புதன்கிழமை காலையில் பெரியம்மா வந்தாள், இரண்டு பீலி. மத்தியானம் பாவ்ரோவின் அண்ணன் வந்தான். அவன் தெரெங்காவுக்கு எந்த வழியில் உறவு என்று அவனே கால்மணி நேரம் விளக்கிச் சொல்லிவிட்டு, பன்றிக்குத் தீனி வைக்க வாகாக இருக்கும் என்று மீதி இரண்டையும் எடுத்துக்கொண்டு போனான். சாயங்காலத்துக்குள் குழாயும் பசையும் போயின. தொட்டியை மட்டும் யாரும் கேட்கவில்லை. அது எவர் வீட்டிலும் நுழையாது.

வியாழக்கிழமை பிள்ளைகள் குழியைச் சுற்றி உட்கார்ந்தார்கள். தெரெங்கா மட்டும் நின்றுகொண்டிருந்தாள்.

"ஒரு பாய் போட்டு மூடியிருக்கலாம்ல?" என்றாள் மீரே. "ஒரு பாய்டி! மூணு வருஷம் படிச்சவளுக்குப் பாய் விரிக்கத் தெரியல."

"இவன் அண்ணன் பன்னிக்குத் தட்டு வாங்கிட்டுப் போனானே, அத இவங்கிட்டக் கேளு" என்று பாவ்ரோவைக் காட்டினாள் தெரெங்கா.

"எங்கண்ணன் கேட்டான், நீதானே குடுத்த?" பாவ்ரோவுக்கு முகம் சிவந்துவிட்டது. "மூணு வாரம் கல்லு வெட்டினேன். கையப் பாரு. அடுத்த கப்பல் எப்ப? கிறிஸ்துமஸுக்கு! அதுக்குள்ள மழை வந்துட்டுப் போயிரும். நாம குழிக்குள்ள இறங்கி வாயத் தொறந்துட்டு நிப்போம்."

யாரோ சிரித்தார்கள். தெரெங்கா குழியைச் சுற்றி நடந்தாள். ஒரு சுற்று, இரண்டு சுற்று. திருப்பிக் கேட்க முடியாது. புதிதாக வாங்க முடியாது. பெரியவர்கள் யாராவது மனியாபாவில் இதை எடுத்துப் பேசினால் ஏதாவது நடக்கும். பேசுகிற உரிமை குடும்பத்துக்கு ஒருவருக்குத்தான். அவள் குடும்பத்தில் அது யோத்தெபா மாமாவுக்கு. அவரே இரண்டு பீலியைக் கூரையில் கட்டி வைத்துக்கொண்டிருக்கிறார். அவர் எங்கே பேசப்போகிறார்?

ஐந்தாவது சுற்றில் நின்றாள்.

"அவங்க கேட்டா நாம குடுக்கணும்."

"ஆமா, அதான் பாத்தோமே" என்றாள் மீரே.

"நாம கேட்டா?"

"எதக் கேப்ப? பீலியத் திருப்பிக் கேட்டா மானம் போயிரும்."

"பீலி இல்ல" என்றாள் தெரெங்கா. அதற்குள் அவள் பாதி தூரம் போய்விட்டிருந்தாள்.

மாமா தன் தோணியின் பக்கத்தில் உட்கார்ந்து கயிறு திரித்துக்கொண்டிருந்தார். பலகைகளைக் கயிற்றால் தைத்து அவரே கட்டிய தோணி. ஊரில் அதைவிட நீளமானது கிடையாது. பாய் விரித்தால் பறக்கும். தெரெங்கா அவர் முன்னால் மண்ணில் உட்கார்ந்தாள்.

"பாப்பா எப்படி இருக்கு?"

"பால் குடிக்குது. பரவால்ல."

"மாமா, நான் ஒண்ணு கேக்க வந்தேன்."

அவர் கண் தானாகத் தோணிப் பக்கம் போனது. கையை எடுத்து அதன் மேல் வைத்தார். "கேளு" என்றார்.

"சனிக்கிழமைக்குச் சனிக்கிழமை மனியாபா கூடுதுல்ல. அதுல நீங்க பேசுற பேச்சை எனக்குக் குடுங்க."

"என்ன?"

"உங்க முறையை. உங்க இடத்துல உக்காந்து நான் பேசணும். புபுசி மாமா."

மாமா அவளையே பார்த்தார். மீனைக் கேட்பார்கள், வலையைக் கேட்பார்கள், பிள்ளையைக்கூட வளர்க்கக் கேட்பார்கள். வாயைக் கேட்டு அவர் பார்த்ததில்லை.

"அதையெல்லாம் கேக்கக் கூடாது."

"கேக்கக் கூடாதுன்னு யாரு சொன்னா?"

அவர் யோசித்தார். யாரும் சொல்லவில்லை. யாரும் கேட்டதில்லை என்பதால் யாரும் சொல்லவில்லை. கடைசியில் கயிற்றைக் கீழே போட்டார்.

"எடுத்துட்டுப் போ" என்றார் எரிச்சலாக. "உங்கம்மா உன்னத் தராவாவுக்கு அனுப்பும்போதே நான் வேண்டாம்னு சொன்னேன்."

சனிக்கிழமை மனியாபாவில் அவள் தூணருகே சம்மணம் போட்டு உட்கார்ந்தாள். மாமா அவளுக்குப் பின்னால், பெண்களோடும் பிள்ளைகளோடும் உட்கார்ந்தார். கூட்டத்தைத் தொடங்கிவைக்கிற கவுராபித் தாத்தா கண்ணைச் சுருக்கிப் பார்த்தார்.

"யோத்தெபா, ஏன் அங்க இருக்க? வாய் வலியா?"

"வாயக் குடுத்துட்டேன்" என்றார் மாமா பின்னாலிருந்து.

"யாருக்கு?"

"கேட்டா. குடுத்துட்டேன்."

கொட்டகை முழுக்கச் சிரிப்பு அலைபோல் போய்த் திரும்பி வந்தது. "இன்னிக்காவது கூட்டம் சீக்கிரம் முடியும்!" என்று ஒரு குரல். மாமா தலையைக் குனிந்துகொண்டார். தெரெங்காவின் முழங்கால் துடித்துக்கொண்டே இருந்தது. அங்கே எழுந்து நிற்கவும் கூடாது, காலை நீட்டவும் கூடாது. அவள் இரண்டு கையாலும் முழங்காலை அமுக்கிப் பிடித்துக்கொண்டாள். தன் முறை வரும்வரை மூன்று பேர் பேசினார்கள். அது மூன்று வருஷம்போல் இருந்தது.

"இந்த வாரம் எங்க வீட்டுக்கு நிறையப் பேர் வந்தீங்க" என்று தொடங்கினாள். குரல் உயர்ந்துவிட்டது, இறக்கிக்கொண்டாள். "எல்லாரும் எனக்கு உறவுன்னு சொன்னீங்க. சில பேரு சொல்லித்தான் எனக்கே தெரிஞ்சுது."

சிரித்தார்கள். பாவ்ரோவின் அண்ணன் சிரிக்கவில்லை.

"கேட்டீங்க, குடுத்தேன். அதப் பத்திப் பேச்சே இல்ல. அது உங்களோடது. ஆனா நீங்க எனக்கு உறவுன்னா நானும் உங்களுக்கு உறவுதான். அதனால நான் கேக்குறேன். எனக்கில்ல, தொட்டிக்கு. உங்க தோணியக் குடுங்க. அஞ்சு தோணி போதும். கூரை விளிம்புக்குக் கீழ வரிசையா வைக்கணும். மழை வந்தா அதுல விழும், நாங்க அள்ளித் தொட்டியில ஊத்துறோம். முதல் மழை வர்ற வரைக்கும். புபுசி."

சிரிப்பு நின்றது. தோணி இல்லையென்றால் மீன் இல்லை. கவுராபித் தாத்தா தாடையைத் தடவினார்.

"மழை வரலன்னா?"

"வரும் தாத்தா."

"எப்ப?"

அது அவளுக்குத் தெரியாது. "வரும்" என்றாள் மறுபடி. முழங்கால் கையை மீறித் துள்ளியது. எல்லாரும் அதைப் பார்த்தார்கள்.

அப்போது அவள் முதுகுக்குப் பின்னாலிருந்து மாமாவின் குரல் வந்தது. "எனக்குத்தான் இங்க வாய் இல்லையே. தோணி இருக்கு. எடுத்துட்டுப் போங்க." வெறுப்பில் சொன்னாரா விருப்பத்தில் சொன்னாரா என்று அவளால் கண்டுபிடிக்க முடியவில்லை. ஆனால் அவர் சொன்ன பிறகு மற்றவர்கள் சும்மா இருக்க முடியவில்லை. பெரியம்மா வீட்டில் இரண்டு, பாவ்ரோ வீட்டில் இரண்டு. நீளமான தோணியைத் தொட்டிக்குப் பக்கத்தில் வைத்தார்கள். மற்ற நான்கும் அதற்குப் பின்னால் வரிசையாக.

அதன் பிறகுதான் கஷ்டம் தொடங்கியது.

ஞாயிறு போனது, திங்கள் போனது. வானம் தேய்த்துக் கழுவிய தட்டுபோல் கிடந்தது. ஊரில் பாதிப் பேர் டப்பா மீன் சாப்பிட்டார்கள். தெரெங்கா தெருவில் போனால் "மழை எங்க வந்துட்டிருக்கு, தெரெங்கா? கப்பல்லயா?" என்று கேட்டார்கள். மாமாவைப் பார்த்தால் வாயில் விரலை வைத்துக் காட்டினார்கள். வாயில்லாத யோத்தெபா என்று பேரே வைத்துவிட்டார்கள். அவர் அவளோடு பேசுவதை நிறுத்திவிட்டார். அவள் தூங்கவில்லை, உட்காரவில்லை. தொட்டிக்கும் கடலுக்கும் நடந்துகொண்டே இருந்தாள். காலில் பவளக்கல் கீறிப் புண்ணாயிற்று.

செவ்வாய்க்கிழமை மத்தியானம் பாவ்ரோவின் அண்ணன் வந்தான். தோளில் இரண்டு பீலி. நன்றாகத் தேய்த்துக் கழுவியிருந்தான். பன்றி வாசனை மட்டும் கொஞ்சம் மிச்சம் இருந்தது. யாரையும் பார்க்காமல் கூரை விளிம்பில் கயிற்றால் கட்டினான்.

"இந்த இடத்துக்கு இனி தோணி வேண்டாம்ல?" என்றான்.

"வேண்டாம்" என்றாள் தெரெங்கா.

அவனும் தம்பியும் இரண்டு தோணியையும் தூக்கிக்கொண்டு நேரே கடலுக்குப் போனார்கள். சாயங்காலம் அவர்கள் வீட்டில் மீன் சுடும் வாசனை ஊரெல்லாம் வந்தது. புதன்கிழமை காலையில் பெரியம்மாவின் புருஷன் இரண்டு பீலியோடு வந்தார்.

மீரே அவள் பக்கத்தில் வந்து நின்றாள். "நிஜமா சொல்லு. இப்படி ஆகும்னு தெரிஞ்சுதான் தோணியக் கேட்டியா?"

"சத்தியமா இல்ல."

"வெளிய அப்படிச் சொல்லிராத. தெரிஞ்சுதான் கேட்டேன்னு சொல்லு."

நான்கு பீலி வந்துவிட்டது. அவற்றை ஒன்றோடொன்று கட்டி, தண்ணீர் சரிந்து மாமாவின் தோணிக்குள் விழும்படி வைத்தார்கள். தோணியிலிருந்து வாளியால் அள்ளித் தொட்டியில் ஊற்ற வேண்டும். மாமா மட்டும் வரவில்லை. அவர் பீலி இரண்டும் அவர் கூரையிலேயே இருந்தன. அதை யாரும் தப்பாகச் சொல்லவில்லை. அந்த வீட்டில் கைக்குழந்தை இருந்தது.

வெள்ளிக்கிழமை மூன்று மணிக்குக் காற்று திரும்பியது. தென்னை மட்டைகள் அதுவரை காட்டாத பக்கத்தைக் காட்டின. களப்புக்கு மேலே கறுப்பாக ஒரு சுவர் எழும்பி வந்தது. தெரெங்கா கத்தியதில் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளெல்லாம் வெளியே வந்துவிட்டார்கள். பதினொரு பேரும் வாளியோடு ஓடினார்கள்.

முதலில் தகரத்தில் நான்கைந்து சொட்டு. பிறகு யாரோ கூழாங்கல் கொட்டுவதுபோல் கொட்டியது. முதல் தண்ணீரைக் கூரை அழுக்கோடு வெளியே விட்டார்கள். பிறகு பீலியைத் தோணிப் பக்கம் திருப்பினார்கள். வெள்ளையாகத் தண்ணீர் தோணிக்குள் பாய்ந்தது. தெரெங்கா குனிந்து முதல் வாளியை அள்ளித் தொட்டியில் ஊற்றினாள். இரண்டாவது, மூன்றாவது. பத்தாவது வாளியில் அவளுக்கு ஏதோ சரியில்லை என்று தோன்றியது. எவ்வளவு பாய்ந்தும் தோணியில் தண்ணீர் ஏறவில்லை.

"ஓடுது!" என்று பாவ்ரோ கத்தினான். "கீழ பாரு, ஓடுது!"

ஆறு நாள் வெயிலில் வெறும் தோணி காய்ந்திருந்தது. பலகைகள் சுருங்கி, தையல் வாய் பிளந்திருந்தது. அடியில் பத்து இடத்தில் தண்ணீர் பீச்சிக்கொண்டு மண்ணுக்குள் போனது. தினம் ஒரு தடவை கடல் தண்ணீர் தெளித்து ஓலையால் மூடியிருக்க வேண்டும். அந்த ஊரில் நடக்கப் பழகும் பிள்ளைக்குக்கூட அது தெரியும். அவள் வானத்தையே பார்த்துக்கொண்டிருந்ததில் தோணியைப் பார்க்கவில்லை.

தெரெங்கா மண்ணில் விழுந்து கையால் பொத்தினாள். ஒரு இடத்தைப் பொத்தினால் இன்னொரு இடம் பீச்சியது. மீரே தன் மேல்துணியைக் கிழித்துத் தையலில் திணித்தாள். மழை போய்க்கொண்டே இருந்தது, மண்ணுக்குள், உப்புக்குள்.

"தள்ளு!"

மாமா. உடம்பெல்லாம் தண்ணீர் வழிய நின்றார். தோளில் இரண்டு பீலி, கட்டியிருந்த கயிறு அறுந்து தொங்கியது. கூரையிலிருந்து அவிழ்க்க நேரமில்லாமல் பிய்த்துக்கொண்டு வந்திருக்கிறார்.

"தோணிய வெயில்ல காயப் போட்டா பிளந்துரும்னு தெரியாது? யாரு வீட்டுப் பொண்ணு நீ?"

"உங்க வீட்டுப் பொண்ணுதான் மாமா."

"வாய் மட்டும் இருக்கு! என் வாய்! பிடி அந்தப் பக்கம்."

பிடித்தார்கள். பாவ்ரோ கட்டினான், பல்லால் கயிற்றை இழுத்து முடிந்தான். பிள்ளைகள் தோணியைப் புரட்டித் தள்ளினார்கள். ஆறு பீலியும் ஒரே கோடாகி, தண்ணீர் நேரே தொட்டிக்குள் விழுந்தது. அந்தச் சத்தம் முதலில் வெறும் சட்டியைத் தட்டுவதுபோல் கேட்டது, பிறகு கனமானது.

"பாப்பாவுக்கு?" என்று கேட்டாள் தெரெங்கா.

"ரெண்டு ட்ரம் ரொம்பிருச்சு. அவளுக்குப் போதும்."

மனியாபாவுக்குள் ஊர் கூடிவிட்டிருந்தது. கவுராபித் தாத்தா கூரை விளிம்புக்கு வெளியே கையை நீட்டி நனைத்து, முகத்தில் தடவிக்கொண்டார். பெண்கள் சட்டியோடு வந்தார்கள். யாரும் யாரையும் கேலி செய்யவில்லை. மழைச் சத்தத்தில் செய்திருந்தாலும் கேட்டிருக்காது.

மாமா முகத்தை வழித்துவிட்டுக்கொண்டு தெரெங்காவைப் பார்த்தார். நாளைக்குச் சனிக்கிழமை. மனியாபா கூடும். தொட்டிக்கு யார் பொறுப்பு, ஒரு வீட்டுக்கு எத்தனை வாளி, எல்லாம் நாளைக்குப் பேச வேண்டும். ஒரு வாரமாக வாயில்லாதவன் என்று கேட்டுக் கேட்டு அவர் கன்னம் ஒடுங்கிப்போயிருந்தது. கொடுத்ததைத் திருப்பிக் கேட்கிற வெட்கம் அவர் முகத்தில் ஒரு நிமிஷம் ஏறி இறங்கியது. பிறகு ஒரு முடிவுக்கு வந்ததுபோல் தொண்டையைச் செருமினார்.

"தெரெங்கா, ஒண்ணு கேக்கணும்."

அவளுக்குப் புரிந்துவிட்டது. அவர் உதடு இரண்டும் அந்தச் சொல்லுக்காகக் குவிந்தன.

"பு..."

"மழை சத்தத்துல ஒண்ணும் கேக்கல மாமா!"

வெறும் வாளியைத் தூக்கிக்கொண்டு அவள் ஓடினாள்.

"எங்கடி ஓடுற? தொட்டி இங்க இருக்கு!" என்று மீரே கத்தினாள்.

தெரெங்கா திரும்பிப் பார்க்கவில்லை. புண்ணான காலோடு, சேறு தெறிக்க, தென்னைகளுக்கு நடுவே களப்புப் பக்கம் ஓடினாள். பின்னால் மாமா மூச்சு வாங்கிக்கொண்டு பேர் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டே துரத்தி வந்தார். சனிக்கிழமை கூட்டம்வரை அவர் கண்ணில் படாமல் இருந்தால் போதும். தீவு குறுகல்தான். ஆனால் நீளம்.